வறண்ட பூமியில் ஒரு வீட்டுத் தோட்டம்

கோயம்புத்தூர் என்றவுடன் வெளியூர் நண்பர்களுக்குச் சிறுவாணித் தண்ணீரும் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் குளிர்ந்த காற்றுமே நினைவுக்கு வருகின்றன. கோவையில் தோட்டம் போடுவதற்கு என்ன குறை என்று அவர்கள் கேட்பதில் வியப்பில்லை. நகரின் வடகிழக்கே சத்தியமங்கலம் சாலையில் அமைந்துள்ள எங்கள் சரவணம்பட்டிக்கு வந்து, பொறக்கடையில் நான்கு கத்தரிச் செடியை நட்டு, ஒரு சித்திரை மாதம் முழுவதும் காப்பாற்றிப் பார்த்தால்தான் மற்றொரு கோவை கண்ணுக்குத் தெரியும். 2011-ஆம் ஆண்டு மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட இவ்வூரில் இன்று கணிப்பொறி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. ஆயின் அவற்றுக்கு அடியில் இருப்பது சோளமும் கொள்ளும் விளைந்த அதே மேட்டுக்காடுதான்.

இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றே. தோட்டக்கலை பற்றி நாம் நூலகத்தில் எடுத்துப் படிக்கும் புத்தகங்கள் பலவும் மழையுள்ள நாட்டாருக்காக எழுதப்பட்டவை. அவற்றில் தோட்டம் உறங்கும் பருவம் பனிக்காலம். விழித்தெழும் பருவம் வசந்தம். நம் பூமியிலோ தோட்டம் உறங்க வேண்டிய பருவம் கோடை. இந்த ஒரு திருத்தத்தைச் செய்து கொள்ளாமல் அந்த நூல்களைப் பின்பற்றினால், பங்குனியில் நாற்று நட்டுச் சித்திரையில் அழ வேண்டியதுதான். நானும் அழுதிருக்கிறேன்.

மழையும் ஆவியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் கோவைச் சமவெளி அமைந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரை மலையின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. நம் மாவட்டத்தைச் சேர்ந்த வால்பாறையில் ஆண்டொன்றுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்ய, சமவெளியில் பெய்வது 650 மில்லிமீட்டரை ஒட்டிய அளவே. அதிலும் சற்றேறக்குறையப் பாதி ஐப்பசியை நடுவாகக் கொண்ட வடகிழக்குப் பருவத்தில் வந்துவிடுகிறது. கணவாய் வழியே ஆனி, ஆடியில் நம்மை வந்தடைவது பெரும்பாலும் காற்று, மழையன்று.

இதைப் பாலைவனம் என்று சொல்லலாமா? ராஜஸ்தானத்து ஜெய்சல்மேரில் பெய்வது 200 மில்லிமீட்டரை ஒட்டிய மழை. அதனோடு ஒப்பிட்டால் நாம் செல்வந்தர்களே. தட்பவெப்பத்தை வகைப்படுத்தும் கோப்பன் முறையில் கோவை வெப்பமான அரைவறட்சிப் பகுதியாகக் குறிக்கப்படுகிறது. அதாவது பாலைவனத்துக்கு அடுத்த படி. மழையை மட்டும் பார்த்தால் இதன் பொருள் விளங்காது. வானம் கொடுப்பது எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடாமல், வானம் திரும்ப எடுத்துக் கொள்வது எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

இதனை அறிய வீட்டு மொட்டை மாடியில் ஒரு சிறு சோதனை செய்தேன். அகன்ற அலுமினியக் குண்டா ஒன்றில் நீர் நிரப்பி, உள்ளே ஓர் அளவுகோலை நிறுத்தி, தினமும் காலை ஏழு மணிக்கு எவ்வளவு குறைந்தது என்று குறித்து வந்தேன். கார்த்திகையில் நாளொன்றுக்கு 3 மில்லிமீட்டர் குறைந்தது. சித்திரையில் 8, காற்றடித்த சில நாட்களில் 9. காக்கை குடித்ததைக் கழிக்க வழியில்லை. சிறிய பாத்திரம் விரைவில் சூடேறுவதால் கணக்கு உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே வரும் என்று எங்கள் தாவரவியல் பேராசிரியர் திருத்தினார். அவர் சொன்னபடி குறைத்துக் கொண்டாலும், ஓராண்டில் ஆவியாகிப் போகக்கூடிய நீர் பெய்யும் மழையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் நிற்கிறது. நம் தோட்டத்தின் வரவு செலவுக் கணக்கு தொடக்கத்திலேயே பற்றாக்குறைக் கணக்கு.

மேடா, பள்ளமா?

பிளஸ் டூ முடித்த விடுமுறையில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து, முக்கால் அடி உயரத்துக்கு மண்ணை மேடாக்கி, சுற்றிலும் செங்கல் அடுக்கி, மேட்டுப்பாத்தி ஒன்றை அமைத்தேன். பார்க்க மிக அழகாக இருந்தது. வீட்டில் இருந்த அமுச்சி, அதாவது என் தாயாரைப் பெற்றவர், திண்ணையில் உட்கார்ந்து முழு வேலையையும் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, தண்ணி மேட்டுக்கு ஏறுமா, பள்ளத்துக்கு எறங்குமா?" என்று மட்டும் கேட்டார். பத்து நாட்களில் அந்த மேடு நான்கு பக்கமும் காற்றுப்பட்டு ஓட்டுச் சில்லைப் போலக் காய்ந்தது. ஊற்றிய நீர் செங்கல் இடுக்கு வழியே வெளியேறியது. தக்காளி நாற்று பன்னிரண்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.

மேட்டுப்பாத்தி என்பது வேரில் நீர் தேங்கி அழுகிவிடும் நாடுகளுக்கு ஏற்றது. குளிர்ந்த மண் விரைவில் சூடேற வேண்டும் என்பதற்காகவும் அமைப்பர். நமக்கு இவ்விரு கவலையும் கிடையாது. இங்கு வேண்டுவது பள்ளப்பாத்தி. தரைமட்டத்திலிருந்து அரை அடி தாழ்த்தி, எடுத்த மண்ணையே சுற்றிலும் வரப்பாகக் கட்டினால், ஊற்றிய நீர் ஓடாது. காற்று மேலாகப் போகும். எதிர்பாராத ஒரு மழை பெய்தால் அக்கம்பக்கத்து நீரும் உள்ளே இறங்கும். மரங்களைச் சுற்றி நம் பெரியோர் கட்டிய வட்டப்பாத்தியும் இதே தத்துவந்தான். அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோவின் வறண்ட நிலத்தில் வாழும் ஜூனிப் பழங்குடியினர், சிறு சிறு சதுரப் பள்ளங்களைக் களிமண் வரப்புகளால் பிரித்து, அவற்றுள் காய்கறி வளர்த்து வந்திருக்கின்றனர். கடல் கடந்த அந்த மக்களும் எங்கள் அமுச்சியும் ஒரே முடிவுக்கு வந்ததற்குக் காரணம் இரு இடத்திலும் வானம் ஒன்றாக இருந்ததே அன்றோ!

பானைப் பாசனத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். மெருகிடாத மண்பானை ஒன்றைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி, வாயை ஓட்டால் மூடிவிட்டால், பானையின் நுண்துளைகள் வழியே நீர் மெல்லக் கசிந்து வேர்களைச் சேரும். மண் ஈரமாக இருக்கும்போது கசிவு குறையும், காய்ந்தால் கூடும். செடி தனக்கு வேண்டிய அளவைத் தானே இழுத்துக் கொள்கிறது. சீன தேசத்தில் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஃபான் ஷெங்-சி என்பவரின் வேளாண்மை நூலிலேயே இம்முறை கூறப்பட்டிருக்கிறது. ஐந்தாறு லிட்டர் பிடிக்கும் பானை ஒன்றைச் சுற்றி நான்கு பாகல் கொடியை ஏற்றினேன். நான்கு நாட்களுக்கு ஒருமுறை நிரப்பினால் போதுமாயிருந்தது. ஆனால் எங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. ஓராண்டுக்குள் பானையின் துளைகள் அடைபட்டுக் கசிவு நின்றுவிட்டது. மழைநீரைக் கொண்டு நிரப்புவோருக்கு இது நல்ல முறை. மற்றவர்கள் ஆண்டுதோறும் புதுப்பானை வாங்க வேண்டியிருக்கும்.

ஆடி முதல் தை வரை

எங்கள் தோட்டத்துக்கு ஆண்டுப் பிறப்பு ஆடியில்தான். ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்று உழவர்கள் சொல்வது வீட்டுத் தோட்டத்துக்கும் பொருந்தும். ஆனால் ஆடியில் காற்று ஒரு பெரிய எதிரி. கணவாயிலிருந்து நேராக வரும் அக்காற்று வாழையிலையை நாராகக் கிழிக்கும். முருங்கைக் கிளையை ஒடிக்கும். இவை கண்ணுக்குத் தெரிந்த சேதம். தெரியாத சேதம், இலையைச் சுற்றியுள்ள ஈரக் காற்றை அது ஓயாமல் அடித்துச் செல்வதால் நீராவிப்போக்கு பெருகுவது. மேகம் மூடிய குளிர்ந்த நாளிலும் செடி வாடி நிற்கும் புதிர் இதனால்தான். ஆகவே மேற்கெல்லையில் அகத்தியை நெருக்கமாக வரிசை பிடித்து வைத்திருக்கிறோம். கொங்கு நாட்டு வேலிகளில் நாம் காணும் கிளுவையும் இதற்கு ஏற்றது. கிளையை வெட்டி ஊன்றினாலே தழைத்துவிடும். மதில் சுவர் எழுப்பினால் காற்று அதன்மேல் ஏறி மறுபுறம் சுழன்று விழுகிறது. உயிர்வேலி காற்றைச் சல்லடை போல வடிகட்டுகிறது.

ஆடியில் விதைப்பவற்றுள் முதலிடம் அவரைக்கு. ஒன்றரை அடிக் குழி எடுத்து, மட்கிய தொழுவுரமும் மேல்மண்ணும் நிரப்பி, குழிக்கு மூன்று விதை ஊன்றுவோம். நாட்டு அவரையின் போக்கு தாவரவியல் மாணவருக்குச் சுவையான பாடம். ஆடியில் ஊன்றியது புரட்டாசிக்குள் பந்தல் முழுவதையும் மூடிவிடும். ஆனால் ஒரு பூக்கூட வராது. புதிதாக வைத்தவர்கள் உரம் போதவில்லை என்று மேலும் மேலும் போடுவர். உரத்தில் குறையில்லை. அது குறும்பகல் தாவரம். பகற்பொழுது சுருங்கினால்தான் பூக்கும். கோவை இருக்கும் அட்சரேகையில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றேகால் மணி நேரந்தான். நாம் கவனிக்கவே கவனிக்காத அந்தச் சிறு வேறுபாட்டை ஓர் அவரைக் கொடி அளந்து வைத்திருக்கிறது. ஐப்பசியில் அரும்பு கட்டி, கார்த்திகை தொடங்கித் தை வரை காய்த்துத் தள்ளும். இதே விதையை மாசியில் ஊன்றினால், பகல் நீள நீள வெறும் கொடியாக ஓடி, கோடையில் தண்ணீரைக் குடித்துவிட்டு நிற்கும்.

புரட்டாசியில் மாலை இடிமழை தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை இரண்டும் தண்ணீர்க் கவலை இல்லாத மாதங்கள் என்பதால் அவற்றைப் பற்றி அதிகம் எழுத வேண்டுவதில்லை. கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுகளை நடுவதற்கு இதுவே சமயம். நாற்றங்காலில் நீர் தேங்கி நாற்று அழுகாமல் பார்த்துக் கொண்டால் போதும். ஆனால் செடியைவிடக் கூரையைக் கவனிக்க வேண்டிய மாதங்கள் இவை. 600 சதுர அடிக் கூரை என்பது ஏறத்தாழ 56 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆண்டு முழுவதும் பெய்யும் 650 மில்லிமீட்டரும் அக்கூரையில் விழுந்தால் 36,000 லிட்டர். சிந்தியது சிதறியது போக 28,000 லிட்டராவது கைக்கு வரும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்டது. அப்போது கட்டிய குழிகளில் எத்தனை இன்று குப்பைக் குழிகளாக இருக்கின்றன என்பதை அவரவர் வீட்டிலேயே எட்டிப் பார்த்துக் கொள்ளலாம்.

மார்கழிப் பனியில் அவரைக் கொழுந்தை அசுவினி மொய்க்கும். அடுப்புச் சாம்பலை விடியற்காலையில், இலையில் ஈரம் இருக்கும்போதே தூவுவது வழக்கம். இப்போது வீடுகளில் விறகடுப்பு இல்லாததால் சாம்பலுக்குத் தேநீர்க் கடைக்காரரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. தை பிறக்கும்போது அவரையும் மொச்சையும் பொங்கலுக்குப் பறிப்போம். பொங்கலுக்கு முதல்நாள் நம் வீடுகளில் காப்புக் கட்டுகிறோம் அல்லவா? ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை. இம்மூன்றையும் யாரும் தண்ணீர் ஊற்றி வளர்ப்பதில்லை. வறண்ட காட்டில் தாமாக வளர்ந்து நிற்பவற்றையே நம் முன்னோர் வாசலில் கட்டினார்கள் என்பது எனக்கு இத்தோட்ட வேலையில் இறங்கிய பிறகே உறைத்தது.

வெள்ளைப் பொரி கண்ட மண்

மண்ணைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மண்ணியல் அறிஞர்கள் மண் வகைகளுக்கு அவற்றை முதலில் கண்டு விவரித்த ஊரின் பெயரையே இடுவர். அவ்வகையில் செம்மண் ஒன்றுக்கு இருகூர் என்றும், சுண்ணாம்பு கலந்த கரிய மண் ஒன்றுக்குப் பெரியநாயக்கன்பாளையம் என்றும் பெயருண்டு. நாம் பேருந்தில் கடந்து போகும் ஊர்கள் விஞ்ஞானப் பெயர்களாக நிற்பது பெருமைக்குரியதே. எங்கள் வீட்டு மண்ணில் இரண்டடி தோண்டினால் சுக்கான்கல் தட்டும். மேலே வெள்ளைப் பொரி போலச் சுண்ணாம்புத் துணுக்குகள் கிடக்கும்.

இச்சுண்ணாம்பினால் ஒரு நோய் உண்டாகிறது. செம்பருத்தியிலும் எலுமிச்சையிலும் புதிதாக வரும் கொழுந்து வெளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். இது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. காரத்தன்மை மிகுந்த மண்ணில் அது வேர் எடுக்க முடியாத வடிவில் பூட்டிக் கிடக்கிறது. ஆகவே மண்ணில் இரும்புச்சத்தைக் கொட்டுவதில் பயனில்லை. அதுவும் பூட்டிக் கொள்ளும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்து, காலையிலோ மாலையிலோ இலைமீது தெளிக்க வேண்டும். கரைத்தவுடன் தெளித்துவிடுவது நல்லது. தெளிப்பவர் பழைய சட்டை அணிந்து கொள்க, அக்கறை போவதில்லை. நிரந்தரப் பரிகாரம் மட்கிய குப்பைதான். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றும் பாட்டிமார் வழக்கத்தைக் கேலி செய்பவர்கள், புளிப்பு எதற்கு என்று ஒரு நிமிடம் யோசித்தால் நன்று.

பூச்சிகளைப் பற்றி விரிக்கப் போவதில்லை. ஆயினும் நம் ஊருக்கே உரிய ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பப்பாளி மாவுப்பூச்சி என்னும் அயல்நாட்டுப் பூச்சி இந்தியாவில் முதன்முதலாக 2008-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது நம் கோவையில்தான். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என ஒன்றையும் விடாமல் வெண்பஞ்சு போல அப்பிக் கொண்டது. எந்த மருந்துக்கும் அது எளிதில் மசியவில்லை. பின்னர் 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட, கடுகினும் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள் விடப்பட்டு, அவை மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டுப் பெருகின. பூச்சி கட்டுக்குள் வந்தது. அக்குளவியின் வம்சம் இன்றும் நம் தோட்டங்களில் உலவுகிறது. ஆனியில் எங்கள் பப்பாளியில் நாலு இலை வெளுத்தாலும் நாங்கள் நஞ்சு தெளிப்பதில்லை. தெளித்தால் முதலில் சாவது குளவி.

தோட்டம் உறங்கும் காலம்

மாசி பிறந்தால் தோட்டத்தைச் சுருக்கத் தொடங்க வேண்டும். இதைச் செய்வதற்கு மனம் வராது. தக்காளி அப்போதுதான் பழுத்துக் கொண்டிருக்கும். ஆனால் இரவிலும் வெப்பம் தணியாத பங்குனி, சித்திரையில் தக்காளிப் பூ காயாகாமல் உதிரும். மிளகாய் இலை பேன் தாக்கிச் சுருளும். பலன் தராத செடிக்கு ஊற்றும் ஒவ்வொரு குடமும், பலன் தரும் மரத்தின் பங்கிலிருந்து எடுத்ததாகும். ஆகவே ஓராண்டுச் செடிகளைப் பிடுங்கி அங்கேயே பரப்பி, அதன்மேல் தென்னை மட்டை, சருகு, சோளத்தட்டு ஆகியவற்றை நான்கு விரல் கனத்துக்கு மூடாக்கு இடுகிறோம். வெறும் மண்ணில் காலை ஊற்றிய ஈரம் மறுநாள் இராது. மூடாக்கின் கீழே மூன்றாம் நாளும் கையை விட்டால் குளிர்ச்சி தெரியும். தினமும் தெளிப்பதைவிட நான்கு நாட்களுக்கு ஒருமுறை நின்று நிதானமாக ஊற்றினால் வேர் ஆழத்துக்குப் போகும். தினம் தெளித்தால் வேர் மேலேயே தங்கி வெயிலில் மாட்டிக் கொள்ளும்.

கோடையில் எதுவும் வளராது என்பதில்லை. கொத்தவரை வளரும். ராஜஸ்தானத்துப் பாலையில் குவார் என்ற பெயரில் பெருவாரியாக விளைவது இதுதான். அதன் விதையிலிருந்து எடுக்கும் பசை துணிகளில் அச்சிடுவதற்கும் பயன்படுவதால், கோவைக்கு அது முற்றிலும் அந்நியமன்று. கோவைக்கொடி மண்ணுக்கடியில் கிழங்கு வைத்துக் கொண்டு தப்பிக்கும். தண்டுக்கீரை, அரைக்கீரை ஆகியவை குறைந்த நீரில் கூடுதல் ஒளிச்சேர்க்கை செய்யும் சி4 வகையைச் சேர்ந்தவை. பருப்புக்கீரை இன்னும் கெட்டிக்காரக் கீரை: சாதாரண நாளில் சி4 முறையில் வாழ்ந்து, நீர் குறைந்தால் கற்றாழையையும் பிரண்டையையும் போலப் பகலில் இலைத்துளையை மூடி, இரவில் கரியமில வாயுவை வாங்கி வைத்துக் கொள்ளும். பகலில் கதவடைத்து, இரவில் கடைக்குப் போகும் குடும்பம் என்று வைத்துக் கொள்ளலாம்.

எவ்வளவு நிலத்தைக் கோடையில் வைத்துக் கொள்வது? இதற்கு அமுச்சியிடம் ஓர் அளவு இருந்தது: வீட்டில் எத்தனை பேர் குளிக்கிறோமோ அவ்வளவுதான் தோட்டம். இதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் வீதம் 10 சதுர மீட்டர்ப் பாத்திக்கு 60 லிட்டர் வேண்டும். ஐந்து பேர் வாளிக்கு 18 லிட்டர் வீதம் குளித்தால் 90 லிட்டர். ஆக, ஒரு குடும்பத்தின் குளியல் நீர் 15 சதுர மீட்டரைக் கோடை முழுவதும் தாங்கும். குளியலறை நீரை வாழையும் கல்வாழையும் வைத்த ஒரு பள்ளத்தின் வழியாக விட்டு மரங்களுக்குத் திருப்பியிருக்கிறோம். கீரைப் பாத்திக்கு அதை விடுவதில்லை. துணி துவைத்த முதல் தண்ணீரில் சோடியம் மிகுதி. அது மண்ணை இறுக்கிவிடும், சாக்கடைக்கே போகட்டும். அலசிய தண்ணீரை மட்டும் எடுத்துக் கொள்கிறோம்.

இந்த அளவு ஒருமுறை எங்களைக் கடுமையாகச் சோதித்தது. 2016-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவிகிதம் குறைந்து போயிற்று. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. நான் அப்போது ஏழாம் வகுப்பு. மாசியில் எங்கள் ஆழ்குழாய்க் கிணறு நீருக்குப் பதில் காற்றை இறைத்தது. குளியல் ஆளுக்கு அரை வாளியாயிற்று. தோட்டத்துக்குக் கிடைத்தது நாளொன்றுக்கு 45 லிட்டர். முற்றத்தில் ஓர் எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை, ஒரு பப்பாளி, ஒரு முழம் பருப்புக்கீரைப் பாத்தி, இவற்றோடு அப்புச்சி வைத்த தென்னை ஒன்று. என் தாயார் பிறந்த ஆண்டில் வைத்தது, வைத்தவர் காலமாகிவிட்டார். கோடையில் காய்க்கும் தென்னை ஒன்றுக்கு நாளைக்கு 50 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும்.

அமுச்சி ஒருநாள் மாலை எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "தென்னைக்கு ஊத்துனா மத்ததெல்லாம் போயிரும். மத்ததுக்கு ஊத்துனா தென்னை மட்டுந்தான் போகும்." தென்னைக்கு ஊற்றுவதை அன்றோடு நிறுத்தினார். அவருடைய கணவர் வைத்த மரம் என்பதால் அதைப் பற்றி வேறு யாரும் வாய் திறக்கவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. எலுமிச்சைக்கு ஊற்றும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் அந்த 15 லிட்டரை யாருக்கும் தெரியாமல் தென்னை மூட்டில் ஊற்றிவிட்டு, எலுமிச்சைப் பாத்தியின் மேல் மண்ணை மட்டும் ஒரு சொம்பு நீரால் நனைத்து வைப்பேன். இருபது நாட்கள் இது நடந்தது. எலுமிச்சை முதலில் இலையைச் சுருட்டியது. பிறகு பச்சையாகவே உதிர்த்தது. தென்னையில் ஒரு மாற்றமும் இல்லை; குரும்பை கொட்டிக் கொண்டே இருந்தது. அதற்கு வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட நான் ஊற்றவில்லை என்பதை இன்று கணக்கிட்டுச் சொல்ல முடிகிறது. அன்று அமுச்சி தென்னை மூட்டு மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. "பாதித் தண்ணி ஊத்துனா ரெண்டுமே செத்துப்போகும் சாமி" என்றார். அன்று முதல் எலுமிச்சைக்கு அவரே ஊற்றினார். அது பிழைத்தது, ஆனால் இரண்டு ஆண்டுகள் காய்க்கவில்லை. தென்னையின் குருத்து ஆனிக் காற்றில் சாய்ந்தது.

வெட்டிய மரத்தைப் பிளந்து ஆறு கால் எடுத்து அவரைப் பந்தலுக்கு நட்டார்கள். நான்கைக் கரையான் தின்றுவிட்டது. இரண்டு இன்னும் நிற்கின்றன. தென்னை இருந்த இடத்தில் பெரியகுளத்தில் உருவாக்கி 1989-இல் வெளியிடப்பட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கையை வைத்திருக்கிறோம். அதற்குக் கோடையில் ஒன்றும் ஊற்றுவதில்லை.

இதை எழுதும் மாசி மாதத்தில் பந்தலைப் பிரித்துவிட்டோம். எலுமிச்சைக்கு மூடாக்கு இட்டாயிற்று. இவ்வாண்டு அவரை விதை நிறையக் கிடைத்தது. அமுச்சி அதைச் செம்மண் குழம்பில் புரட்டி, வெயிலில் காய வைத்துப் பானையில் கட்டி வைத்திருக்கிறார். ஆடிப்பட்டத்துக்கு விதை வேண்டும் நண்பர்களும் பேராசிரியர்களும் கல்லூரி திறந்தவுடன் தாவரவியல் துறையில் என்னைக் கேட்கலாம். குழிக்கு மூன்று விதை வீதம், ஐந்து குழிக்குத் தருவதாக உத்தேசம். கார்த்திகை வரை பூக்கவில்லை என்று யாரும் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம்.